கன்றுகளுக்கு முதல் பந்தி

டீலியா பிறந்த வீட்டில் எண்பது பால்மாடுகள். அந்த மாதிரி வீட்டில் காளைக்கன்று பிறந்தால் அதைப் பிறப்பு என்று யாரும் சொல்வதில்லை. “இன்னொண்ணு விழுந்திருக்கு” என்பார்கள். பெட்டைக்கன்று என்றால் புது வைக்கோல், வெதுவெதுப்பான பால், அப்பாவே வந்து காதில் நம்பர் குத்துவார். காளைக்கன்றுக்குக் கொட்டகை மூலை. யார் கை சும்மா இருக்கிறதோ அவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது. ஏழு வயதிலிருந்து அந்தக் கை டீலியாவின் கைதான். இரண்டு விரலைப் பாலில் நனைத்து, கன்றின் வாயில் கொடுத்து, கையை மெல்ல வாளிக்குள் இறக்கி, அது தானாக உறிஞ்சும்வரை முதுகு ஒடியக் குனிந்து நிற்பாள். அண்ணன்மார் மூன்று பேரும் டிராக்டர் ஓட்டினார்கள். அது பெரிய வேலையாம். சாவியைத் திருப்பினால் டிராக்டர் ஓடும், கன்று அப்படிக் குடிக்காது என்கிற விஷயம் அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரிந்திருந்தது.

இருபத்துநாலு வயதில் அயர்லாந்தில் மேற்கு லிமெரிக்கின் நாக்பிரின் மேட்டுக்கு, மோஸி லெனிஹனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். மோஸியிடம் நாற்பத்தைந்து ஏக்கர் ஈர மண், ஒரு தொப்பி, ஒரு கண். நிலமும் தொப்பியும் அவன் அப்பா விட்டுப்போனவை. கண் மட்டும் சொந்தச் சம்பாத்தியம். எந்த மாட்டையும் கேட்டில் சாய்ந்தபடி ஒரு பார்வை பார்த்து, இத்தனை கிலோ என்று சொல்லிவிடுவான். எந்த மாடும் இதுவரை எதிர்த்துப் பேசியதில்லை. அதனால் அந்தக் கண் தப்பியதும் இல்லை.

அந்த வட்டாரத்தில் கேட்டில் சாய்வது ஒரு தொழில். பக்கத்து நிலத்து ஷீஹி அதில் மோஸிக்குக் கூட்டாளி. ஷீஹி கல்யாணம் ஆகாதவன். தன்னிடம் எத்தனை மாடு இருக்கிறது என்று எண்ணிப் பார்க்காதவன். அடுத்தவன் மாட்டுக்கு மட்டும் பல் முதல் வால்வரை குறை சொல்லத் தெரியும். இரண்டு பேரும் கேட்டின் மேல்கம்பியில் முழங்கையை ஊன்றி நின்றார்களென்றால், மழை வந்து முதுகில் விழுந்தால்தான் நகர்வார்கள். சில மழைக்கு நகரவும் மாட்டார்கள்.

லெனிஹன் வீட்டில் பால்மாடு இல்லை. ஒவ்வொரு மார்ச்சிலும் பால்மாட்டுக்காரர்கள் வேண்டாம் என்று தள்ளும் கன்றுகளில் நாற்பதை வாங்கி வருவார்கள். கறுப்பு உடம்பு, வெள்ளை முகம். அப்பன் கறிக்கு வளர்க்கிற ஜாதி, தாய் பால் ஜாதி. இரண்டு கோடை புல்லில் விட்டு வளர்த்துக் கறிக்கு விற்பது. மார்ச் முதல் மே வரை வாளியும் கொட்டகையும் டீலியாவின் பாடு. மே மாதம் கதவைத் திறந்து விடும்போது ஒவ்வொன்றும் நூறு கிலோவுக்குப் பக்கத்தில், எண்ணெய் தேய்த்த மாதிரி மினுங்கும். வாளி பொம்பளை வேலை, புல் ஆம்பிளை வேலை என்பது அந்த ஊர்ச் சட்டம். கன்று புல்லில் கால் வைத்த நிமிஷத்தில் அது மோஸியின் கன்று ஆகிவிடும்.

மோஸி அவற்றை வீட்டு வயலில் விடுவான். சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கிற நாலு ஏக்கர். அவன் அம்மா கன்றுகளை அங்கேதான் விட்டாளாம், அம்மாவின் மாமியாரும் அங்கேதான் விட்டாளாம். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்ளலாமே. பார்த்துக்கொண்டார்கள். ஜூனில் நன்றாக இருக்கும். ஆகஸ்டில் வாலடி நனைய ஆரம்பிக்கும். செப்டம்பரில் கழிச்சலும் இருமலும். அக்டோபரில் மயிர் சிலிர்த்துப் பழைய கால்மிதியாட்டம் ஆகிவிடும். மாதக் கடைசியில், ஹாலோவீன் பண்டிகைக்கு, இருநூற்றுமுப்பது கிலோ நிற்க வேண்டிய கன்று நூற்றெண்பதைத் தாண்டாது. ஜன்னல் என்னவோ ஒவ்வொரு வருஷமும் சுத்தமாகத்தான் இருந்தது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். மோஸிக்குக் கோணலாகக் கிடைத்தது கன்றுகளின் தாய். “பால்மாட்டு வயித்துல பொறந்ததுக்குச் சதை எங்கேருந்து வரும்?” என்பான். ஷீஹி தலையாட்டுவான். இன்னும் கொஞ்சம் தீவனம் கொட்டுவார்கள். கன்றுகள் தீவனத்தையும் தின்று, நின்று இருமும்.

ஒரு வருஷம் இருமியே ஏழு கன்றுகள் செத்தன. ஏழையும் மூன்று மாதம் விரலைச் சப்பக் கொடுத்து வளர்த்தவள் டீலியா. வண்டி வந்து அவற்றைத் தூக்கிப்போன அன்று மோஸி கேட்டுக்குப் போகவில்லை. ஊருக்குப் போனான். திரும்பி வரும்போது ஒரு காகிதம் கொண்டுவந்தான். மரம் நடுகிற ஆட்களின் காகிதம். கையெழுத்துப் போட்டால் அவர்களே வந்து நாற்பத்தைந்து ஏக்கரிலும் ஊசியிலை மரம் நட்டுவிட்டுப் போவார்கள். வருஷா வருஷம் உதவிப்பணம் வரும். ஒரு வேலையும் இல்லை.

“மரம் இருமாது” என்றான் மோஸி. வாழ்க்கையிலேயே பெரிய யோசனை சொன்னவன் மாதிரி காகிதத்தை அலமாரித் தட்டின் பின்னால் செருகினான்.

டீலியா மரம் நட்ட வீடுகளைப் பார்த்திருக்கிறாள். மேட்டுக்கு அந்தப் பக்கம் நாலு வீடு அப்படி. சுவர்வரைக்கும் கறுப்பு மரம், மதியத்திலேயே விளக்கு, ஒரு குருவிச் சத்தம் கிடையாது. வாசலில் நின்று கூப்பிட்டால் வருவதற்கு ஒரு உயிர் இருக்காது. அங்கே உட்கார்ந்து மோஸியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு மிச்ச ஆயுளைக் கழிக்க வேண்டும். முகம் மோசம் என்று சொல்ல முடியாது. அதற்காக வேறெதுவும் இல்லாமல் அதையே பார்ப்பதா?

அந்த வருஷத்திலேயே இன்னொன்றும் நடந்திருந்தது. ஜூலையில் ஒரு கன்று வேலிக்கரையைத் தாண்டி ஷீஹியின் நிலத்துக்குப் போய்விட்டது. ஷீஹி அங்கே புல் அறுத்து எடுத்திருந்தான். மறுபடி தழைத்திருந்த புதுப்புல்லில் அது மூன்று மாதம் ராஜா மாதிரி மேய்ந்தது. எண்ணத் தெரியாதவன் நிலம் ஆயிற்றே. அக்டோபரில்தான் ஷீஹிக்குச் சந்தேகம் வந்து ஓட்டிக்கொண்டு வந்தான். கூட வளர்ந்தவற்றின் நடுவே விட்டபோது அது ஒரு தலை உயரமாக நின்றது. இருமல் இல்லை.

“திருட்டுத் தீனிடா. ஒடம்புல ஒட்டத்தான் செய்யும்” என்றான் மோஸி. ஷீஹி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். சாய்ந்து நின்ற இரண்டு பேருக்கும் அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

டீலியாவுக்குத் தோன்றியது. ஒரே சந்தை, ஒரே வாளி, ஒரே நாளில் கதவு திறந்தது. வேறாக இருந்தது வயல் ஒன்றுதான். மறுநாள் இரண்டு ஜாம் பாட்டில்களைக் கழுவி, ஒன்றில் வீட்டு வயல் கன்றின் சாணியும் இன்னொன்றில் ஓடிப்போன கன்றின் சாணியும் எடுத்து, மாட்டு டாக்டரிடம் கொண்டுபோனாள். டாக்டரம்மா மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். முதல் பாட்டில் முழுக்கப் புழு முட்டை. இரண்டாவதில் தேட வேண்டியிருந்தது.

டாக்டரம்மா சொன்னது இவ்வளவுதான்: கன்று சாணியில் போடும் புழு புல்லில் ஏறி நிற்கும், அதை அடுத்த கன்று தின்னும். உள்ளே போனது குடலிலும் நுரையீரலிலும் குடியேறும், கழிச்சலும் இருமலும் அதனால்தான். வயதுவந்த மாட்டுக்கு அதைத் தாங்கத் தெரியும், கன்றுக்குத் தெரியாது. வருஷா வருஷம் கன்றையே விட்டால் அது வயலில்லை, புழுப் பண்ணை. மருந்து கொடுத்து அதே புல்லில் விடுவது குளிப்பாட்டிச் சேற்றில் விடுவது மாதிரி.

மூன்று தலைமுறை ஜன்னலில் நின்று பார்த்தும் தெரியாதது ஒரு ஜாம் பாட்டிலில் தெரிந்தது.

அன்று சாயங்காலமே டீலியா கேட்டாள். ஷீஹி அடுப்படியில் டீ குடித்துக்கொண்டிருந்தான். அவன் இருக்கும்போதுதான் கேட்டாள், சாட்சி வேண்டும் என்று. அடுத்த கோடை ஒன்று, புல்லும் தன் கையில் வேண்டும் என்றாள். மோஸி சிரித்தான். ஷீஹி முன்னால் தாராளமாக இருப்பது அவன் பழக்கம். முப்பது கன்றுகளை அவள் இஷ்டப்படி மேய்க்கட்டும், பத்து மட்டும் தன் முறைப்படி வீட்டு வயலில் நிற்கட்டும், ஹாலோவீனுக்கு எடை போடலாம் என்றான்.

“உன்னோடது சராசரி இருநூத்திமுப்பது வந்துச்சுன்னா அந்தக் காகிதத்துல கையெழுத்துப் போட மாட்டேன். வராது. வரலேன்னா மரம்தான். அப்புறம் அழக் கூடாது.”

“நான் எப்ப அழுதேன்?” என்றாள் டீலியா. “ஷீஹி, நீ கேட்டியில்ல?”

“கேட்டேன்” என்றான் ஷீஹி, வாயில் கேக்கோடு.

அடுத்த மே மாதம் அவள் செய்த காரியத்தை நாக்பிரின்காரர்கள் ஞாயிறு பூசை முடிந்து கல்லறைத் தோட்டச் சுவரோரம் நின்று பேசினார்கள். மேட்டு நிலத்தைக் கரண்ட் கம்பியால் துண்டு துண்டாகப் பிரித்தாள். போன வருஷம் கன்றின் கால் படாத நிலம். ஒவ்வொரு துண்டிலும் முதலில் கன்றுகள். இரண்டு மூன்று நாள் அவை நுனிப்புல்லை, இளசாகப் பார்த்து மேயும். பிறகு அவற்றை அடுத்த துண்டுக்கு மாற்றிவிட்டு, அதற்குப் பின்னால் இரண்டாவது கோடை மேய்கிற மூத்த காளைகளை விடுவாள். மிச்சத்தை மொட்டையாக மேய்ந்து சுத்தம் பண்ண வேண்டியது காளைகளின் வேலை. புழுவும் அவற்றின் வயிற்றோடு போய்ச் சேரும்.

இதுதான் பெரிய அவமானமாகிப் போயிற்று. அந்த ஊரில் மூத்த காளைக்குத்தான் முதல் புல். சந்தைக்குப் போகிற மாடு அது, நாலு பேர் கண்ணில் படுகிறது அது. கன்றுக்கு மிச்சம். வீட்டுச் சாப்பாட்டிலும் கிட்டத்தட்ட அதே ஒழுங்குதான், பெரிய உருளைக்கிழங்கு யார் தட்டில் விழும் என்று எல்லோருக்கும் தெரியும்.

“ரெண்டாவது வருஷமா வளக்குற மாடு, நேத்துப் பொறந்தது தின்ன எச்சிலைத் திங்குது” என்றான் மோஸி. “ஊரே சிரிக்குது.”

“சிரிக்கட்டும். சிரிக்கிறவங்க எடை கூடுனதா நான் பாத்ததில்ல.”

கணுக்கால் தாண்டி வளர்ந்த புல்லில் கன்றை விட மாட்டாள். கையளவு உயரம், அதற்கு மேல் கிழடு. ஜூலையில் அறுத்த நிலம் தழைத்ததும் கன்றுகளை அங்கே மாற்றினாள். மழையானாலும் ரப்பர் பூட்ஸும் கம்பிச் சுருளுமாகப் போவாள். அவள் கம்பியைத் தூக்கும் சத்தத்துக்கே முப்பதும் வரிசையாக வந்து நிற்கும். ஆகஸ்டு வந்தது, வாலடி காய்ந்தே இருந்தது. வீட்டு வயலில் மோஸியின் பத்தும் வழக்கப்படி இரும ஆரம்பித்தன. மோஸி ஜன்னல் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டான்.

செப்டம்பர் கடைசியில் அந்த வீட்டுக்கு ஸ்டேஷன் என்கிற வீட்டுப் பூசை வந்தது. வீட்டுக்கு வீடு முறைவைத்துப் பாதிரியார் வந்து பூசை வைப்பார், சுற்றுவட்டாரம் முழுக்க வந்து பூசை கண்டு சாப்பிட்டுப் போகும். லெனிஹன் வீட்டு முறை எட்டு வருஷம் கழித்து வந்தது. ஸ்டேஷன் என்றால் கடவுளுக்கு அஞ்சுகிறார்களோ இல்லையோ, பக்கத்து வீட்டுக்காரர்களின் கண்ணுக்கு அஞ்சுவார்கள். சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். கேட்டுக்குப் பச்சை. கொட்டகைக்குப் பாதைப் பக்கச் சுவர் மட்டும் அடித்தான் மோஸி. மற்ற மூன்றையும் யார் பார்க்கப் போகிறார்கள்?

முந்தின நாள் பகல் முழுக்க டீலியா அபிஃபீல் கடைத்தெருவில் ஹாம் என்கிற பன்றிக்கறி வாங்கவும் கேக் வாங்கவும் அலைந்தாள். வந்ததும் சமையலறை வேலையிலேயே இருட்டிவிட்டது. காலையில் நாற்பது பேர் கூடிவிட்டார்கள். பூசை முடிந்து, ஃபாதர் டாங்னி உடுப்பைக் கழற்றி மடித்துவிட்டு, தட்டோடு ஜன்னலோரம் போய் நின்றார்.

“அடேயப்பா, மோஸி. கன்னுன்னா இதுதான்யா கன்னு.”

டீப்பானையோடு வந்த டீலியா எட்டிப் பார்த்தாள். வீட்டு வயலில் முப்பது முதுகுகள் மினுங்கிக்கொண்டு நின்றன. அவளுடைய முப்பது.

“வீட்டு வயல் ஃபாதர்” என்றான் மோஸி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. “எங்கம்மா காலத்துலேருந்து கன்னு அங்கதான். குளிர் வந்து கட்டுற வரைக்கும் இனி அங்கயேதான் நிக்கும்.”

மூடியிருந்த வைக்கோல் கொட்டகைக்குள்ளிருந்து ஒரு இருமல் கேட்டது. அந்தப் பத்து எங்கே என்று டீலியா கேட்கத் தேவை இருக்கவில்லை.

அவளுக்கு மோஸியைத் தெரியும். தனியாகச் சொன்ன சொல்லை மாற்றுவான். ஊர் முன்னால் சொன்னதை உயிர் போனாலும் மாற்ற மாட்டான். கூட்டம் இப்படியே சாப்பிட்டுக் கலைந்து போனால், கன்றுகள் அந்தப் புழுப் புல்லில் இன்னும் ஐந்து வாரம் நிற்கும். ஹாலோவீனுக்கு இருமும். பிறகு சுவர்வரை மரம். பேசுவதென்றால் இப்போதே பேச வேண்டும், ஹாம் தட்டில் இருக்கும்போதே.

டீப்பானையை ஃபாதர் கையிலேயே கொடுத்துவிட்டு, நல்ல செருப்போடு வாசலில் இறங்கினாள். முதலில் வைக்கோல் கொட்டகைக் கதவைத் திறந்தாள். பத்தும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன, வாலடி ஒட்டிக்கொண்டு, கழுத்தை நீட்டி இருமிக்கொண்டு. கூட்டம் தட்டுகளோடு முற்றத்துக்கு வந்துவிட்டது.

“இதுதான் வீட்டு வயல் கன்னு” என்றாள். குரலை உயர்த்தவில்லை. “அங்க நிக்கிறது மேட்டு நிலத்துக் கன்னு. நேத்து நான் ஹாம் வாங்கப் போனப்ப எடம் மாத்தியிருக்காரு. கொட்டகைக்கு ஒரு பக்கம் மட்டும் வெள்ளையடிச்சவரு வேற என்ன செய்வாரு?”

மோஸி தொப்பியைக் கழற்றி உள்ளே எதையோ தேடினான்.

“அத மட்டும் சொல்லக் கூடாது டீலியா” என்றான் மெதுவாக. “சாமி வந்திருக்கிற வீடு.”

“சாமிக்கு நேத்தே தெரியும். நான் மத்தவங்களுக்குச் சொன்னேன்.”

அவள் வயல் கேட்டைத் திறந்து கம்பியைத் தட்டினாள். முப்பதும் வந்தன. பாதையில் இடது பக்கம் திறந்து கிடந்தது. ஃபாதர் டாங்னி டீப்பானையை ஒரு சுவரில் வைத்துவிட்டு அங்கே போய், பூசையில் நிற்கிற மாதிரியே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். கன்றுகள் அவரைப் பார்த்து மரியாதையாகத் திரும்பி மேட்டுக்கு ஏறின. டீலியாவின் செருப்பு சேற்றில் போயிற்று. திரும்பி வந்து வெறுங்காலோடு எல்லோருக்கும் டீ ஊற்றினாள். பெண்கள் வழக்கத்தைவிட நிறையச் சாப்பிட்டார்கள்.

ஹாலோவீன் அன்று ஊர்ச் சங்கத்து எடைக்கூண்டை டிராக்டரில் இழுத்து வந்தார்கள். எண்ணை ஷீஹி படிக்கட்டும் என்றாள் டீலியா. எண்ணத்தான் தெரியாது, படிக்கத் தெரியுமே. ஒவ்வொன்றாகக் கூண்டில் ஏறின. இருநூற்றுமுப்பத்தொன்று, இருநூற்றுநாற்பத்தாறு, இருநூற்றிருபத்தொன்பது. பத்தாவது கன்றுக்குப் பிறகு ஷீஹி குரலைத் தாழ்த்திக்கொண்டான், சொந்தக்காரனுக்குக் கெட்ட செய்தி சொல்கிறவன் மாதிரி. முப்பதின் சராசரி இருநூற்றுமுப்பத்தெட்டு. மோஸியின் பத்து, நூற்றெழுபத்தொன்பது.

“கூண்டு கோளாறு” என்றான் மோஸி.

“ஏறிப் பாரு” என்றாள் டீலியா.

ஏறினான். தொண்ணூற்றுநாலு. போன வாரம் டாக்டர் வீட்டில் பார்த்தபோதும் தொண்ணூற்றுநாலுதான், வெண்ணெயைக் குறைக்கச் சொல்லி டாக்டர் திட்டியிருந்தார். ஷீஹிக்கு அது தெரியும். ஷீஹிக்குத் தெரிந்தால் நாக்பிரினுக்கே தெரியும். மோஸி இறங்கினான்.

அதற்கப்புறம் பத்தொன்பது வருஷம் அந்த வீட்டில் கன்றுகளுக்குத்தான் முதல் பந்தி. வீட்டு வயலை அறுத்துக் காயவைக்கிற புல்லுக்கு விட்டுவிட்டார்கள். ஆறேழு வீடுகள் அதைப் பார்த்துச் செய்தன, யாரைப் பார்த்து என்று மட்டும் சொல்லவில்லை. மோஸி இன்றும் கேட்டில் சாய்ந்து, கன்றுதான் முன்னால் மேய வேண்டும், எங்கம்மா அப்படித்தான் சொல்வாள் என்று வருகிறவர்களுக்கு விளக்குவதுண்டு. செத்துப்போன அந்த அம்மாளுக்கு இவ்வளவு அறிவு வந்ததில் டீலியாவுக்கு ஆட்சேபம் இல்லை.

ஆனால் தோற்றவன் தோற்றேன் என்று சொன்ன நாள் ஒன்று வர வேண்டாமா? வந்தது என்றால் அது மரக்காரர் வந்த நாள்தான். எடை போட்ட மறு வாரம், கையெழுத்து வாங்க ஜீப்பில் வந்தார். ஜீப் பாதையில் திரும்புவதைப் பார்த்ததும் மோஸி கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். மரக்காரர் நல்ல மனுஷர், காலணியைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தார். டீலியா தட்டின் பின்னாலிருந்து காகிதத்தை எடுத்து, தூசி தட்டி, அவர் கையில் கொடுத்தாள்.

“இங்க மரம் வேணாங்க.”

“அவரு ஒரு வார்த்தை சொன்னா நல்லாருக்கும்மா. அவர்தானே கேட்டாரு?”

“கொட்டகையில இருக்காரு. வெக்கப்படுறாரு. தொந்தரவு பண்ண வேணாம்.”

அவர் சோடா ரொட்டியும் டீயும் சாப்பிட்டுவிட்டு, ஜன்னல் வழியாக மேட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார். ஜீப் சத்தம் அடங்கிய பிறகும் கால்மணி நேரம் கொட்டகைக் கதவு திறக்கவில்லை. பிறகு மோஸி வந்தான், தோளில் வைக்கோல் ஒட்டியிருந்தது. அலமாரித் தட்டின் பின்னால் காகிதம் இருந்த இடத்தைப் பார்த்தான்.

“டீ இருக்கா?” என்றான்.

“இருக்கு” என்றாள் டீலியா. “ஆறிப்போச்சு. குடி.”